பேசத் தயங்கியவர் வழிகாட்டியானார்

தலைவர் என்றதும் முழங்கும் குரலும், எதற்கும் கலங்காத பார்வையும் நம் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய குரல் வாய்க்கப் பெறாத ஒருவர், தமது திறமையைப் பற்றிய ஐயம் நீங்காத நிலையிலேயே, ஒரு சமுதாயத்துக்கு வழிகாட்ட நேர்ந்தது. அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மகாத்மா என்று உலகம் போற்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நீதிமன்றத்தில் ஒரு கேள்விகூடக் கேட்க இயலாமல் அமர்ந்துவிட்ட இளைஞராக இருந்தார் அவர். அந்த இளைஞர் மீண்டும் எழுந்து நின்றது எவ்வாறு என்று அறிவது, பொறுப்பு வந்து சேரும்போது உள்ளம் தளரும் எவருக்கும் பயன் தரும்.

இருளுக்கு அஞ்சிய சிறுவன்

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் மோகன்தாஸ் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி சமஸ்தானத்தின் திவான். தாய் புத்லிபாய் விரதங்களிலும் வழிபாட்டிலும் ஆழ்ந்த பற்றுடையவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த பிள்ளை இயல்பாகவே துணிவுடன் வளர்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. மோகன்தாஸுக்கு இருட்டு என்றால் அச்சம். பேய், பாம்பு, திருடன் என்று நினைத்தாலே நடுக்கம். விளக்கில்லாத அறையில் அவரால் உறங்க முடியாது. பதின்மூன்று வயதில் அவருக்கு மணமுடிக்கப்பட்ட கஸ்தூரிபாய்க்கோ இத்தகைய பயம் ஏதும் கிடையாது. அதை எண்ணி மோகன்தாஸ் தமக்குள் வெட்கப்பட்டதுண்டு.

பள்ளியிலும் இதே நிலைதான். மணியடிக்கும் நேரத்துக்குச் சரியாக வகுப்பில் நுழைவார். பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்வார்களோ என்ற கூச்சமே காரணம். அந்தக் குடும்பத்தில் பணிபுரிந்த ரம்பா என்ற மூதாட்டி, அச்சம் வரும்போதெல்லாம் ராமநாமத்தைச் சொல்லுமாறு சிறுவனுக்குக் கற்றுக் கொடுத்தார். அன்று அந்த மருந்தின் அருமை அவருக்கு முழுமையாக விளங்கவில்லை. ஆனால் விதை விழுந்துவிட்டது. வாழ்நாளின் இறுதிவரை அந்த நாமமே அவருக்குத் துணையாக நின்றது.

எழுதியதைப் படிக்க இயலாதவர்

1888-இல் சட்டம் பயில மோகன்தாஸ் இங்கிலாந்து புறப்பட்டார். ராஜ்கோட்டில் அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் வழியனுப்பு விழா நடந்தது. நன்றி சொல்வதற்காகச் சில வரிகளை எழுதி எடுத்துச் சென்றிருந்தார். அவற்றைப் படித்து முடிப்பதற்குள் தலை சுற்றியது. உடல் முழுவதும் நடுங்கியது.

லண்டனிலும் இந்தக் கூச்சம் அவரை விடவில்லை. அங்கே மரக்கறி உணவினர் சங்கத்தில் சேர்ந்து, அதன் நிர்வாகக் குழுவிலும் இடம்பெற்றார். கூட்டங்களுக்குத் தவறாமல் செல்வார். ஆனால் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை, குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்தார் என்பதற்காக டாக்டர் அலின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. அலின்சனின் கருத்தை மோகன்தாஸ் ஏற்கவில்லை. ஆயினும், மரக்கறி உணவைப் பரப்புவதற்காகத் தோன்றிய சங்கத்திலிருந்து வேறொரு கொள்கையின் பொருட்டு ஒருவரை நீக்குவது முறையன்று என்று அவருக்குப் பட்டது. தீர்மானத்தின் பின்னால் நின்றவர் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்குப் பெரும் பொருளுதவி செய்து வந்தவரும் அவரே. அவருக்கு எதிராகக் கருத்துச் சொல்வது எளிதன்று. மோகன்தாஸ் தமது எண்ணத்தை எழுத்தில் வடித்துக்கொண்டு கூட்டத்துக்குச் சென்றார். ஆனால் அதைப் படிக்கும் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். அலின்சன் நீக்கப்பட்டார். தோற்ற பக்கத்தில் நின்றோம் என்ற வருத்தம் மோகன்தாஸுக்கு இல்லை. நியாயத்தின் பக்கம் நின்றோம் என்ற நிறைவே இருந்தது.

இந்நிகழ்ச்சியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தம்மால் பேச முடியுமா என்பதில்தான் அவருக்கு ஐயமே தவிர, எது நியாயம் என்பதில் ஐயம் இருக்கவில்லை. இவ்விரண்டும் வேறு வேறு. பலர் முன்னதைப் பின்னதாக மயங்கி, தம் கூச்சத்தையே கடமையிலிருந்து விலகுவதற்கான காரணமாக்கிக் கொள்கின்றனர். அவ்வாறு செய்யாமல் இருந்ததே அந்த இளைஞரின் முதல் வெற்றி.

முப்பது ரூபாய் வழக்கு

1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் பட்டம் பெற்று அவர் தாயகம் திரும்பினார். பம்பாயில் இறங்கியதும் தாயார் காலமான செய்தி காத்திருந்தது. அந்த நாட்களில்தான் ராய்சந்த்பாய் என்ற ஞானியின் நட்பும் கிடைத்தது. வைர வியாபாரம் செய்துகொண்டே உள்ளத்தை இறைவனிடம் வைத்திருந்த அவர், பின்னாளில் கடிதங்கள் வாயிலாக மோகன்தாஸின் ஆன்மிக ஐயங்களைத் தீர்த்துவைத்தார்.

பம்பாயில் கிடைத்த முதல் வழக்குக்கு ஊதியம் 30 ரூபாய். தரகருக்குக் கமிஷன் தர மறுத்துப் பெற்ற வழக்கு அது. பிரதிவாதிக்காக எழுந்து நின்று, எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார். தலை சுழன்றது, மன்றமே சுழல்வது போலிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்படியே அமர்ந்துவிட்டார். வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வெட்கத்துடன் வெளியேறினார். வழக்கின் முடிவு என்னவாயிற்று என்பதைக்கூட அவர் அறியவில்லை.

பிறகு மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்று அதுவும் கிடைக்கவில்லை. ராஜ்கோட் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்துக் காலம் கழித்தார். அந்நிலையில்தான் தென்னாப்பிரிக்காவில் வணிகம் செய்த தாதா அப்துல்லா கம்பெனியிடமிருந்து அழைப்பு வந்தது. ஓராண்டுப் பணி, போகவர முதல் வகுப்புக் கட்டணமும் 105 பவுனும் தருவதாகச் சொன்னார்கள். பாரிஸ்டருக்குரிய பணியாக அது தோன்றவில்லை. கம்பெனி ஊழியராகப் போவது போலத்தான் இருந்தது. எனினும் ஒப்புக்கொண்டார். 1893 ஏப்ரலில் கப்பலேறினார்.

குளிரில் ஓர் இரவு

1893 ஜூன் 7-ஆம் நாள் இரவு. முதல் வகுப்புச் சீட்டுடன் டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குச் சென்றுகொண்டிருந்த மோகன்தாஸை, நிறத்தின் காரணமாகச் சாமான்கள் பெட்டிக்குப் போகுமாறு ரயில்வே அதிகாரிகள் கட்டளையிட்டனர். அவர் மறுத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் போலீஸ்காரர் அவரைக் கீழே தள்ளினார். ரயில் போய்விட்டது. கடுங்குளிர். மேலங்கி, அதிகாரிகள் எடுத்து வைத்த சாமான்களுள் இருந்தது. மீண்டும் அவமதிக்கப்படலாம் என்றெண்ணி அதைக் கேட்கவும் அவர் விரும்பவில்லை.

நிலையத்தின் காத்திருப்பு அறையில் நடுங்கியபடி அவர் சிந்தித்தார். உரிமைக்காகப் போராடுவதா, இந்தியாவுக்குத் திரும்பிவிடுவதா, அவமதிப்பைப் பொருட்படுத்தாமல் வழக்கை முடித்துவிட்டுச் செல்வதா? ஏற்றுக்கொண்ட கடமையை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்று தோன்றியது. தமக்கு நேர்ந்தது மேலோட்டமான துன்பமே, நிறவெறி என்ற ஆழ்ந்த நோயின் அடையாளமே அது என்றும் தெளிந்தார். கிடைத்த அடுத்த ரயிலில் மேற்கொண்டு செல்வதென முடிவு செய்தார்.

அந்த இரவு அவரை ஒரே நொடியில் மாவீரராக்கிவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். அவர் அன்று செய்தது அடுத்த ரயிலில் ஏறியதுதான். பின்னர் கோச்சு வண்டிப் பயணத்தில் அடிபட்டார். வண்டியின் பித்தளைக் கம்பியைப் பற்றிக்கொண்டு, திருப்பி அடிக்காமலும் இருக்கையை விட்டு இறங்காமலும் இருந்தார். துணிவு அவருக்கு இப்படித்தான், ஒவ்வோர் அடியாக வந்தது.

பிரிட்டோரியாவில் முதல் பேச்சு

பிரிட்டோரியா சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள இந்தியர்களைக் கூட்டி, அவர்களுடைய நிலையை எடுத்துக்கூற விரும்பினார். தமது வழக்கின் எதிர்த்தரப்பினரான தயப் சேட்டின் உதவியையே அதற்கு நாடினார். கூட்டம் நடந்தது. அவர் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அதைச் சொல்லலாம். வணிகத்தில் உண்மை கடைப்பிடிப்பது, சுகாதாரம் பேணுவது, மதம் மொழி வேறுபாடுகளை மறந்து ஒன்றுபடுவது ஆகியவையே பொருள். வழக்கமான நடுக்கம் அன்று அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. தம்மைப் பற்றிய நினைவு விலகி, கேட்பவர்களைப் பற்றிய அக்கறை மேலோங்கியதே காரணம் எனலாம். ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குக் கற்பிப்பதாகவும் சொன்னார். மூவர் முன்வந்தனர்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு எழுத்தர், ஒரு கடைக்காரர். அவர்களுக்கு வசதியான நேரத்தில் அவர்களுடைய இடத்துக்கே சென்று சொல்லிக் கொடுத்தார்.

வழக்கிலும் அவர் முழுமனத்துடன் ஈடுபட்டார். அது 40,000 பவுன் கோரிய வழக்கு. கணக்கியல் தமக்குத் தெரியாது என்பதை உணர்ந்து, புத்தகம் வாங்கிப் படித்தார். உண்மைகள் அப்துல்லா சேட்டின் பக்கமே வலுவாக இருந்தன. ஆயினும் வழக்கு நீண்டால், உறவினர்களும் ஒரே ஊரினருமான இரு தரப்பாரும் அழிவார்கள் என்று கண்டார். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தயப் சேட் 37,000 பவுனும் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மொத்தமாகக் கட்டினால் அவர் திவாலாகிவிடுவார். ஆகவே, நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு அப்துல்லா சேட்டை இணங்கச் செய்தார். பம்பாய் மன்றத்தில் வாதிட முடியாதவர், பிரிந்த இருவரைச் சேர்த்து வைப்பதே வழக்கறிஞரின் உண்மையான பணி என்று கண்டுகொண்டார்.

ஒரு மாதம் தங்க முடியுமா?

1894-இல் தாயகம் திரும்ப டர்பன் வந்தார். அப்துல்லா சேட் விடை விருந்து ஏற்பாடு செய்திருந்தார். அங்கே கிடந்த செய்தித்தாள்களைப் புரட்டியபோது, ஒரு மூலையில் சிறு செய்தி கண்ணில் பட்டது. நேட்டால் சட்டசபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க இந்தியர்களுக்கு இருந்த வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்திருந்தது. விருந்துக்கு வந்திருந்த வணிகர்களுக்கு அது பற்றி ஒன்றும் தெரியவில்லை. இது நம் சவப்பெட்டியில் அறையும் முதல் ஆணி என்ற பொருள்பட அவர் எடுத்துரைத்தார். பயணத்தைத் தள்ளிவைத்து ஒரு மாதமாவது தங்கி வழிநடத்த வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டனர்.

அவருக்கு அப்போது வயது 24. நேட்டாலின் சட்டங்கள் தமக்குத் தெரியாது என்று மறைக்காமல் சொன்னார். சட்டப் புத்தகங்கள் வேண்டும், தந்திகளுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும், ஒருவர் மட்டும் செய்யக்கூடிய வேலை அன்று, பலர் முன்வர வேண்டும் என்றார். பொதுத்தொண்டுக்குத் தமக்கு ஊதியம் வேண்டாம் என்றும் சொன்னார். தம் குறையை அறிந்தவரே பிறருடைய கைகளை நாடுகிறார். எல்லாம் தமக்குத் தெரியும் என்ற எண்ணத்துடன் அவர் தொடங்கியிருந்தால், அன்று விளைந்த ஒற்றுமை விளைந்திராது.

செல்வ வணிகர்கள், கடை எழுத்தர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளாக நேட்டாலிலேயே பிறந்த கிறிஸ்தவ இளைஞர்கள் எல்லோரும் முதன்முறையாக ஒன்றாக அமர்ந்தனர். விவாதத்தை ஒத்திவைக்கக் கோரிச் சபாநாயகருக்குத் தந்தி பறந்தது; இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. இரவு முழுவதும் விழித்து மனுவின் ஐந்து பிரதிகளை எழுதினர். வணிகர்கள் தம் சொந்த வண்டிகளில் சென்று கையெழுத்து வாங்கினர். மசோதா நிறைவேறிவிட்டது. ஆயினும் எவரும் சோர்ந்துவிடவில்லை. லண்டனில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராயிருந்த ரிப்பன் பிரபுவுக்கு இரண்டே வாரங்களில் 10,000 கையெழுத்துகளுடன் மற்றொரு மனு சென்றது. இந்தியர் என்று பெயர் சொல்லி உரிமையைப் பறித்த அந்தச் சட்டத்துக்கு லண்டன் இசைவு தரவில்லை. 1896-இல் வேறு சொற்களால் நேட்டால் அதே நோக்கத்தை நிறைவேற்றிக் கொண்டது. எனினும், கேட்க ஆளில்லாதிருந்த ஒரு சமுதாயம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஒரு மாதம் என்பது ஆண்டுகளாயிற்று. 1894-இலேயே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. மோகன்தாஸ் அதன் செயலாளர். மாதச் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங். ஒவ்வொரு காசுக்கும் ரசீது, கணக்கு. ஒருமுறை ஆறு பவுன் தரக்கூடிய வணிகர் ஒருவர் மூன்று பவுனுக்கு மேல் தர மறுத்தார். காந்தியும் நண்பர்களும் பசியுடன் இரவு முழுவதும் அவர் வீட்டில் அமைதியாகக் காத்திருந்தனர். விடியற்காலையில் ஆறு பவுனும் வந்தது, விருந்தும் கிடைத்தது.

தலைப்பாகையைக் கையில் ஏந்தியவர்

காங்கிரஸ் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. சந்தா கட்ட வசதியுள்ளவர்களே அதில் இருந்தனர். 1860 முதல் சென்னையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் வெளியிலேயே நின்றனர். ஒருநாள் கந்தல் உடையுடன், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி ஒரு தமிழர் காந்தியின் முன் அழுதுகொண்டு நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம். முதலாளி அவரை அடித்திருந்தார். காந்தியிடம் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் நடந்ததை விளக்கினார்.

காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் பெற்று, நேராக நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளியைத் தண்டிக்கச் செய்வது அவர் நோக்கமன்று; பாலசுந்தரம் விடுபட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் சிறைத்தண்டனை என்பது சட்டம். ஆகவே ஒப்பந்தத்தையே வேறொரு முதலாளிக்கு மாற்றச் செய்தார். வெள்ளையரைக் காணச் செல்லும்போது தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட வழக்கம். தம் முன்னிலையிலும் பாலசுந்தரம் அவ்வாறே நின்றது காந்தியின் மனத்தை வருத்தியது. தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயக்கத்துடன் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. தங்களுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி தோட்டந்தோறும் பரவி, கடல் கடந்து சென்னையையும் எட்டியது.

மீண்டும் நடுங்கிய குரல்

இத்தனைக்குப் பிறகு கூச்சம் அறவே நீங்கியிருக்கும் அல்லவா? இல்லை. 1896-இல் தாயகம் வந்த காந்தி, தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை எடுத்துச் சொல்லப் பம்பாயில் கூட்டம் கூட்டினார். தலைமை வகித்தவர் சர் பெரோஸ்ஷா மேத்தா. மண்டபம் நிரம்பி வழிந்தது. காந்தி எழுந்து, அச்சிட்ட உரையை நடுங்கியபடி படிக்கத் தொடங்கினார். உரக்கப் படிக்குமாறு மேத்தா ஊக்கப்படுத்தியும், குரல் மேலும் மேலும் இறங்கியது. முடிவில் தீன்ஷா வாச்சா அதைப் படித்தார். சபை அமைதியாகக் கேட்டது, ஆரவாரம் செய்தது. தம் குரல் எடுபடவில்லை என்று காந்தி மனம் நோகவில்லை. செய்தி மக்களைச் சென்றடைந்தது. அதுவே அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26-ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேசினார். அதுவும் அச்சிட்ட, நீண்ட உரைதான். ஆனால் அவையினர் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டனர். பாலசுந்தரத்தின் துயரம் சென்னை மக்களின் உள்ளத்தைத் தொட்டிருந்தது. அவர் வெளியிட்டிருந்த பச்சைநிறப் பிரசுரத்தைப் பெறக் கூட்டத்தில் போட்டியே ஏற்பட்டது.

அவ்வாண்டின் இறுதியில் குடும்பத்துடன் அவர் நேட்டாலுக்குத் திரும்பியபோது, வெள்ளையர் கொந்தளித்தனர். மூன்று வாரத்துக்கு மேல் கப்பல் கரையருகே நிறுத்தி வைக்கப்பட்டது. 1897 ஜனவரி 13 அன்று இறங்கிய காந்தியைக் கும்பல் ஒன்று கல்லாலும் காலாலும் தாக்கியது. போலீஸ் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் குடையை விரித்து இடையில் நின்று காப்பாற்றினார். தாக்கியவர்கள்மீது வழக்குத் தொடர லண்டன் அரசே ஆயத்தமாக இருந்தும் காந்தி மறுத்துவிட்டார். தவறான செய்திகளால் தூண்டப்பட்டவர்களைத் தண்டிப்பதில் பயனில்லை என்று கருதினார். இருளைக் கண்டு நடுங்கிய சிறுவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை இந்த மன்னிப்பு காட்டுகிறது.

இருபத்தோர் ஆண்டுகள்

1906 செப்டம்பர் 11-ஆம் நாள், ஆசியர்களைப் பதிவு செய்யும் இழிவான சட்டத்துக்கு அடிபணிவதில்லை என்று ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்தியர்கள் இறைவன் பெயரால் உறுதி பூண்டனர். அந்த உறுதியிலிருந்து பிறந்ததே சத்தியாக்கிரகம். ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய தொழிலாளர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913-இல் போராட்டம் விரிந்தது. டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்து நடந்தனர். சிறை சென்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. ஓராண்டுப் பணிக்காக வந்த காந்தி, 21 ஆண்டுகளுக்குப் பின் 1914 ஜூலையில் தென்னாப்பிரிக்காவிடம் விடைபெற்றார்.

தமது கூச்ச சுபாவம் தமக்குத் தீங்கு செய்யவில்லை என்று பின்னாளில் அவர் கருதினார். அது சொற்களை எண்ணிப் பேசக் கற்பித்தது. மிகைப்படுத்தாமல் உண்மையை உணர உதவியது. ஆம், தன்மீதுள்ள ஐயம் ஒருவரைச் செயலற்றவராக்கவும் கூடும், விழிப்புள்ளவராக்கவும் கூடும். கணக்குத் தெரியாதபோது கணக்குப் புத்தகம் வாங்கினார் காந்தி. சட்டம் தெரியாதபோது அதைச் சொல்லித் துணை தேடினார். குரல் எழும்பாதபோது உரையைப் பிறர் கையில் தந்தார். ஆனால் எந்த நிலையிலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்கவில்லை.

நம் இல்லத்திலோ, பணியிடத்திலோ, நாம் சார்ந்த அமைப்பிலோ மாறுதல் வரும்போது முன்னின்று நடத்தும் பொறுப்பு சில சமயம் நம்மைத் தேடி வருகிறது. நான் தகுதியானவன்தானா என்ற கேள்வி அப்போது எழுவது இயற்கை. அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இது செய்யத்தக்கதுதானா என்று முதலில் நம் உள்ளத்தைக் கேட்போம். ஆம் என்று அது சொன்னால், இறைவனை நினைந்து, கைக்கு எட்டிய முதல் வேலையைத் தொடங்குவோம். நடுக்கம் இருந்தால் இருக்கட்டும். தொண்டு செய்யும் கைகளை அது தடுக்காது.